லெம்னோஸ் தீவின் பச்சிலை

பழைய நூலொன்றை மீண்டும் எடுத்துப் படிக்கத் தூண்டுகின்ற திறனாய்வு நூல்கள் அரியன. அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனத்தன் ஷே எழுதிய ‘வியட்நாமில் அக்கிலீஸ்’ (1994), ‘அமெரிக்காவில் ஒடிசியூஸ்’ (2002) என்னும் இரண்டும், நாடக இயக்குநர் பிரையன் டோரீஸ் எழுதிய ‘போர் அரங்கு’ (2015) என்பதும் அவ்வரிசையில் சேர்வன. மூன்றும் கிரேக்க இலக்கியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஆயினும் அவை எழுந்த இடம் பல்கலைக்கழக வகுப்பறை அன்று. போர்க்களத்திலிருந்து திரும்பி, குடியிலும் போதைப் பொருளிலும் உறக்கமற்ற இரவுகளிலும் உழலுகின்ற முன்னாள் படைவீரர்களோடு பழகிய பழக்கத்தில் பிறந்தவை அவை. இந்நூல்களின் துணையோடு சோபோக்ளிஸின் ‘பிலோக்டெட்டிஸ்’ நாடகத்தை மீண்டும் படித்தபோது நமக்குத் தோன்றியவற்றையும், இந்நூலாசிரியர்களோடு நாம் மாறுபடும் ஓரிடத்தையும் இங்கே எழுத விழைகின்றோம்.

ஷே, பாஸ்டன் நகரில் முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவ நிலையத்தில் வியட்நாம் போர் வீரர்களுக்குப் பல்லாண்டுக் காலம் மருத்துவம் செய்தவர். அவர்கள் சொன்னவற்றைக் கேட்கக் கேட்க அவருக்கு ஓமரின் இலியாது நினைவுக்கு வந்தது. படைத்தலைவன் அகமெம்னன், எல்லார் முன்னிலையிலும் அக்கிலீசின் போர்ப்பரிசைப் பறித்துக்கொள்கின்றான். காவியம் அங்கேதான் தொடங்குகின்றது. பின்னர் உயிர்நண்பன் பத்ரோக்ளஸ் மடிகின்றான். அதன்பின் அக்கிலீஸ் மனிதத் தன்மை இழந்து வெறிகொண்டு கொல்கின்றான். தம்முன் அமர்ந்திருந்த வீரர்களின் கதையும் இதே வரிசையில் நடந்திருப்பதை ஷே கண்டார். உரிய அதிகாரம் உடையவர் ஒருவர், உயிர் ஊசலாடும் வேளையில், அறத்துக்குத் துரோகம் செய்யும்போது வீரனின் உள்ளத்தில் விழும் காயத்தை அவர் தனியே பிரித்துக் காட்டினார். அதனை ‘அறக்காயம்’ எனத் தமிழில் சொல்லலாம். பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனஅழுத்த நோய் 1980இலேயே அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. அந்நோயின் விளக்கத்தில் அச்சமே முதலிடம் பெற்றிருந்தது. அறக்காயமோ நாணத்தையும், குற்றவுணர்வையும், இனி எவரையும் நம்பவியலாத நிலையையும் பற்றியது.

இரண்டாம் நூலில் ஒடிசியூஸின் கடற்பயணம் முழுவதும், வீடு திரும்பும் வீரனின் தடுமாற்றங்களாகப் படிக்கப்படுகின்றது. லோட்டஸ் என்னும் கனியை (நம் தாமரை அன்று) உண்டு வீட்டை மறந்துபோகும் மாலுமிகள், குடியிலும் போதையிலும் வலியை மறக்க முயலும் வீரர்கள் ஆகின்றார்கள். ஒற்றைக்கண் அரக்கனின் குகை, சலிப்புக்கு அஞ்சி ஆபத்தைத் தேடியோடும் வாழ்வின் உருவகமாகின்றது. எல்லாவற்றையும் இவ்வாறு பொருத்திக்கொண்டே போவதில் மிகை உண்டு. அரக்கனின் குகைக்குள் நம்மால் ஆசிரியரைப் பின்தொடர இயலவில்லை. ஆனால் ஒடிசியின் நான்காம் காண்டத்தில் வரும் ஒரு காட்சிக்கு எந்த விளக்கமும் வேண்டியதில்லை. போரில் மாண்டவர்களையும் திரும்பாதவர்களையும் நினைத்து மெனலாஸின் விருந்து மண்டபமே அழுகின்றது. ஹெலன் எழுந்து, அவர்கள் அருந்தும் மதுவில் மருந்தொன்றைக் கலக்கின்றாள். அதைக் குடித்தவன், தாயும் தந்தையும் இறந்தாலும், தன் உடன்பிறப்பைக் கண்ணெதிரே வெட்டினாலும், அன்று முழுவதும் ஒரு துளிக் கண்ணீர் விடமாட்டான் என்கிறார் ஓமர். மதுவின் ஆற்றலை இதைவிடக் கொடுமையாகச் சொன்ன இடத்தை நாம் படித்ததில்லை. இங்கே குடி, இன்பத்துக்கு அன்று, அழாமலிருப்பதற்கு.

டோரீஸ் வேறு வழியில் வந்தவர். சோபோக்ளிஸ் கவிஞர் மட்டுமல்லர், ஏதென்சின் படைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய அரங்கில் அமர்ந்திருந்த குடிமக்களில் பெரும்பாலோர் போர் கண்டவர்கள். எனவே அந்நாடகங்களைப் போர் கண்டவர்முன் மீண்டும் படித்தால் என்ன என்று எண்ணினார். 2008இல் சான் டியேகோ நகரில், மரைன் படையினரும் அவர்தம் துணைவியருமாக நூற்றுக்கணக்கானோர் கூடிய அவையில், ‘அஜாக்ஸ்’, ‘பிலோக்டெட்டிஸ்’ ஆகியவற்றின் பகுதிகளை நடிகர்கள் வாசித்தார்கள். ஆடை அலங்காரமோ மேடை அமைப்போ இல்லை. வாசிப்பு முடிந்ததும் அவையோரைப் பேசச் சொன்னார்கள். அந்தப் பேச்சு, குறித்த நேரத்தைக் கடந்து மணிக்கணக்கில் நீண்டது. அதற்கு அடுத்த ஆண்டே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பணம் கொடுத்து, இதனை நூறு படைத்தளங்களுக்குக் கொண்டுசெல்லப் பணித்தது.

அஜாக்ஸைப் பற்றிச் சுருங்கச் சொல்லி மேலே செல்வோம். அக்கிலீசின் போர்க்கவசம் தனக்குக் கிடைக்காத சினத்தில் படைத்தலைவர்களைக் கொல்லப் புறப்பட்டவன், தெய்வம் அறிவை மயக்கியதால் ஆடுமாடுகளை வெட்டிக் குவிக்கின்றான். தெளிந்தபின் நாணம் தாங்காது தன் வாள்மேல் விழுந்து மடிகின்றான். ஒன்றை மட்டும் குறிப்பிட்டாக வேண்டும். சாவதற்குமுன் அவன் திடீரென அமைதியடைகின்றான். கடலோரம் சென்று நீராடித் தூய்மையடைந்து, வாளை மண்ணில் புதைத்துவிட்டு வருவதாகச் சொல்கின்றான். மனைவி தெக்மெசா நிம்மதியடைகின்றாள். அவன் வீரர்களோ மகிழ்ச்சியில் ஆடிப் பாடுகின்றார்கள். பல நாள் கொந்தளித்தவனின் முகத்தில் காரணமின்றி வரும் அமைதி எத்துணை அஞ்சத்தக்கது என்பதை, தற்கொலை செய்துகொண்டோரின் வீட்டாரைக் கேட்டால் தெரியும். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் மட்டும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட முன்னாள் படைவீரர் 6,392 பேர் என்று அந்நாட்டு அரசின் அறிக்கையே கூறுகின்றது.

பிலோக்டெட்டிஸோ சாகாதவன், அவனுடைய துயரமே அதுதான். திராய் நோக்கிச் செல்லும் வழியில் பாம்பு தீண்டிய அவன் காலில் ஆறாப் புண் உண்டாயிற்று. புண்ணின் நாற்றமும் அவன் அலறலும் படையின் பலிபூசைகளுக்கு இடையூறாயின. எனவே தலைவர்களின் ஆணைப்படி, ஒடிசியூஸ் அவனை உறக்கத்தில் லெம்னோஸ் தீவில் விட்டுவிட்டு வந்தான். பத்தாண்டு நெருங்குகின்றது. ஹெராக்ளிஸ் அளித்த வில்லைக் கொண்டு பறவைகளை வீழ்த்தி உண்டு, குகையில் கந்தல்களோடு கிடக்கின்றான். இந்நிலையில், அவனும் அவன் வில்லும் வராமல் திராய் வீழாது என ஒரு குறியுரைப்போன் கூற, ஒடிசியூஸ் மீண்டும் வருகின்றான். அக்கிலீசின் மகன் நியோப்டோலெமஸ் என்னும் இளைஞனைப் பொய் சொல்லி வில்லைக் கவர்ந்துவர ஏவுகின்றான். கி.மு. 409இல், எண்பதைக் கடந்த வயதில், சோபோக்ளிஸ் இந்நாடகத்தை அரங்கேற்றி முதற்பரிசு பெற்றார்.

இதில் எளிதில் கண்ணிற்படாத ஒரு சிறு செய்தி உண்டு. வீட்டுக்கு அழைத்துச் செல்கின்றேன் என்று நியோப்டோலெமஸ் பொய்யாக வாக்களித்ததும் பிலோக்டெட்டிஸ் களிப்படைகின்றான். ஆனால் கப்பலேறுமுன் குகைக்குள் சென்று ஒன்றை எடுத்துவர வேண்டும் என்கின்றான். அது என்ன? புண்ணின் வலியை உறங்கவைக்க அவன் நாள்தோறும் பயன்படுத்தி வந்த பச்சிலை. அதை விட்டுவிட்டுப் புறப்பட அவனுக்குத் துணிவில்லை.

1970களின் தொடக்கத்தில் சமூகவியல் அறிஞர் லீ ராபின்ஸ் செய்த ஆய்வொன்று இங்கே நினைவுக்கு வருகின்றது. வியட்நாமிலிருந்த அமெரிக்கப் போர்வீரர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்ற பொருள்களுக்கு அடிமையாகியிருந்தார் என்றும், நாடு திரும்பிய முதலாண்டில் அவர்களுள் மிகச் சிலரே மீண்டும் அடிமையாயினர் என்றும் அவர் கண்டார். அன்று பலர் இதனை நம்ப மறுத்தார்கள். பச்சிலை தீவைச் சேர்ந்தது, தீவை விட்டகன்றால் அதுவும் போய்விடும் என்று சொல்ல இவ்வாய்வு இடம் தருகின்றது. பலருக்கு அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் ஷேயின் அறையில் அமர்ந்திருந்தவர்கள் பச்சிலையைக் கையோடு கொண்டுவந்தவர்கள். ஹெராயின் போன இடத்தில் சாராயம் வந்தது. புண் ஆறாதவனிடமிருந்து இலையை மட்டும் பிடுங்குவது மருத்துவம் ஆகாது என்பதை அவர்கள் காட்டினார்கள். குடியை முதலில் விடு, பிறகு மனத்தைப் பார்க்கலாம் என்று ஒரு வாசலிலும், மனத்தை முதலில் சரிசெய்துகொள், பிறகு குடியைப் பார்க்கலாம் என்று மறு வாசலிலும் திருப்பியனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். இரண்டையும் ஒருங்கே கவனிக்க வேண்டும் என்னும் எளிய உண்மையை மருத்துவ உலகம் ஏற்கப் பல்லாண்டுகள் ஆயின.

நலம் பெறுதலின் தொடக்கம் என்ன? ஷே, டோரீஸ் இருவரின் விடையும் ஒன்றே: கேட்கும் செவி. வீரன் தன் கதையைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்போர் அஞ்சி ஓடாமலும், தீர்ப்புச் சொல்லாமலும், உண்மை சிதையாமலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவ்வாறு துயரம் ஊருக்குப் பொதுவாக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இதில் நமக்கு மறுப்பில்லை. நம் புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாட்டு இதன் இன்னொரு வடிவமே. புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனையில் இரவ இலையும் வேம்பும் செருகி, யாழ் இசைத்து, வெண்சிறுகடுகு தூவி, குழல் ஊதி, மணி ஒலித்து, காஞ்சி பாடி, நறும்புகை எடுத்துப் பெண்கள் அவனைக் காக்கின்றார்கள். தொடாக்காஞ்சி என்று இத்துறைக்குப் பெயர். பேய் வந்து புண்ணைத் தொடாமல் காப்பதற்காக வீடே விழித்திருக்கின்றது. ஆயினும், மார்பில் விழுப்புண் இன்றித் திரும்பி வந்து, கண்ணுக்குத் தெரியாத புண்ணோடு நெடுநாள் வாழ்ந்தவனைப் பற்றிய பாட்டு நம் மரபில் அரிது. மடிந்தவனுக்கு நடுகல் எழுப்பத் தெரிந்த நமக்கு, மீண்டவனோடு என்ன பேசுவது என்பது தெரியவில்லை.

நாம் மாறுபடும் இடத்துக்கு வருவோம். டோரீஸின் வாசிப்பில் பிலோக்டெட்டிஸின் வலியும் அலறலும் நடுவில் நிற்கின்றன. கேட்போர் உருகுகின்றார்கள், பேசுகின்றார்கள். ஆனால் நாடகத்தின் அச்சு வேறொருவனிடத்தில் உள்ளது என்பது நம் எண்ணம். நியோப்டோலெமஸும் கேட்கின்றான். நெடுநேரம், மிகுந்த இரக்கத்தோடு கேட்கின்றான். வலி வந்து துடிப்பவனின் அருகில் நிற்கின்றான். அவன் நம்பிக் கொடுத்த வில்லையும் வாங்கிக்கொள்கின்றான். அதுவரை அவன் கேட்டது யாவும் பொய்யின் ஒரு பகுதி. இரக்கத்தோடு கேட்டதால் மட்டும் பிலோக்டெட்டிஸுக்கு எதுவும் மாறிவிடவில்லை. நியோப்டோலெமஸ் உண்மையைச் சொல்லி, தலைவனின் ஆணையை மீறித் திரும்பி வந்து, வில்லை அவன் கையிலேயே மீண்டும் வைத்தபோதுதான் நாடகம் திரும்புகின்றது. அனுப்பியவர்கள் தரப்பிலிருந்து ஒருவன், ‘நாங்கள் உனக்குச் செய்தது தவறு’ என்று சொல்லி, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கின்றான். மறையறிவு நூலில் சிறுவர்க்கும் கற்பிக்கின்றோமே, பறித்ததைத் திருப்பிக் கொடாத மனவருத்தம் முழுமையற்றது என்று!

பணம் கொடுத்தவர் யார் என்னும் வினாவையும் தவிர்க்க முடியாது. நாடகத்தின் இறுதியில் ஹெராக்ளிஸ் வானில் தோன்றி, திராய்க்குப் போ, அங்கே உன் புண் ஆறும் என்கிறார். எதற்காக ஆற வேண்டும்? வில்லெடுத்து மீண்டும் போரிடுவதற்காக. நகரை அழிக்கும்போது தெய்வங்களுக்கு அஞ்சி நடங்கள் என்றும் எச்சரிக்கின்றார். இந்த நியோப்டோலெமஸே திராயில் முதியவன் பிரியாமைப் பலிபீடத்தின் அருகில் வெட்டிக் கொல்வான் என்பது ஏதென்ஸ் அவையினருக்குத் தெரியும். குணமாக்கியவனே அடுத்த நோயாளி! பாதுகாப்புத் துறையின் பணத்தால் படைத்தளங்களில் வாசிக்கப்படும்போது இந்தக் கசப்பு எவ்வளவு வெளிப்படும் என்று ஐயுறுகின்றோம். டோரீஸின் நல்லெண்ணத்தை நாம் குறைகூறவில்லை. அவரால் உயிர் பிழைத்தோர் இருக்கக்கூடும். ஆயினும் ஒரு மனிதன் தன்பொருட்டு நலம் பெறுகின்றானா, வில்லின்பொருட்டு நலமாக்கப்படுகின்றானா என்பதைத் திறனாய்வாளர் கேட்டே ஆகவேண்டும்.

இனி நம் பக்கக் குறையையும் சொல்லிவிடுவது முறை. சாவான பாவத்துக்குக் கனமான பொருள், முழு அறிவு, முழுச் சம்மதம் என்னும் மூன்றும் வேண்டும் எனக் குருமடத்தில் கற்றோம். போரில் ஆணைப்படி கொன்றவனை அத்தராசில் நிறுத்தினால் தட்டு அவன் பக்கமே சாயும். ஆகவே, ‘நீ கடமையைத்தானே செய்தாய், இதில் பாவமில்லை, அமைதியோடு போ’ என்று சொல்லிவிடுகின்றோம். நாமும் இவ்வாறு சொன்னவர்களே. ஆறுதல் என்று எண்ணிச் சொன்ன அச்சொல், வந்தவனின் வாயை அடைத்துவிடுவதைக் காலம் கடந்தே உணர்ந்தோம். அவன் தீர்ப்புக் கேட்டு வரவில்லை. தான் செய்தது சிறியது அன்று என்பதை மற்றொரு மனிதன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றே வந்தான். பாவமில்லை என்று சொல்லப்பட்டவன், பாவமன்னிப்பும் இல்லாமல் வெளியேறுகின்றான். வெளியே பச்சிலை காத்திருக்கின்றது.

பழந்திருச்சபை இதில் நம்மைவிட நுட்பமாக இருந்தது. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார், போரில் கொல்வதை நம் முன்னோர் கொலையாகக் கருதவில்லை என்று ஒப்புக்கொண்டே, கை தூய்மையற்றது ஆதலால் அவர்கள் மூன்றாண்டு நற்கருணையிலிருந்து விலகியிருக்குமாறு அறிவுறுத்துவது நன்றாகலாம் என எழுதினார். 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மானியரின் படையெடுப்புக்குத் திருத்தந்தையின் ஆதரவே இருந்தது. ஆயினும் நார்மண்டி ஆயர்கள் வென்ற வீரர்களுக்குத் தவமுயற்சி விதித்தார்கள். திருத்தந்தையின் தூதர் எர்மன்பிரிட் அதனை உறுதிசெய்தார். கொன்றது உறுதியானால் ஆளுக்கு ஓராண்டு. அடித்தவன் இறந்தானா எனத் தெரியாவிடில் ஆளுக்கு நாற்பது நாள். எத்தனை பேர்மேல் தம் அம்பு பட்டது என்று அறியமாட்டாத வில்லாளர்க்கு மூன்று தவக்காலங்கள். அறியமாட்டாதவனின் வேதனைக்கும் ஓர் அளவு வகுத்தார்கள் அல்லவா, அந்த மனித அறிவு நம்மை வியக்க வைக்கின்றது. பெர்னார்ட் வெர்காம்ப் 1993இல் இத்தவமுயற்சிகளைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். இம்முறையை அப்படியே இன்று கொண்டுவர இயலாது, கொண்டுவரவும் வேண்டாம். தண்டனையின் மேல் தண்டனையாக அது அவனை நசுக்கிவிடக்கூடும். ஆனால் செய்வதற்கு ஏதோ ஒன்றும், அதற்கு முடிவு நாள் ஒன்றும், முடிவில் வரவேற்க ஒரு சமூகமும் அவனுக்கு இருந்தன.

திருச்சபை கைவிட்ட இடத்தைக் குடிநோயர்களே ஓரளவு நிரப்பிக்கொண்டார்கள். 1935இல் ஆக்ரன் நகரில் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரான பில் வில்சன், முதல் உலகப்போரில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தவர். படையில் இருந்தபோதே முதன்முதல் மதுவைத் தொட்டவர். தம் தவறுகளை இறைவனிடமும் தம்மிடமும் மற்றொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வதும், பாதிக்கப்பட்டோர்க்கு ஈடுசெய்வதும் அவர்களுடைய பன்னிரு படிகளில் அடங்கும். அதே நகரின் புனித தோமா மருத்துவமனையில் 1939இல் அருள்சகோதரி இக்னேஷியா, குடிநோயரைச் சேர்க்க மருத்துவமனைகள் மறுத்த அக்காலத்தில், ‘இரைப்பை அழற்சி’ என்று பதிவேட்டில் எழுதிப் படுக்கை கொடுத்தார். அறநெறி இறையியலார் இப்பொய்யை எவ்வாறு வகைப்படுத்துவார்களோ நாம் அறியோம்.

மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் கெரசேனர் பகுதியின் கல்லறைகளில் திரிகின்றவனின் பெயர் இலேகியோன். அது உரோமைப் படைப்பிரிவின் பெயர். ஒரு படையே ஒருவனுக்குள் குடியிருக்கின்றது. அவன் சங்கிலிகளை அறுக்கின்றான். இரவும் பகலும் கத்துகின்றான். கற்களால் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கின்றான். அவன் நலமாகி, ஆடையணிந்து, அறிவுத் தெளிவோடு அமர்ந்திருப்பதைக் கண்ட ஊரார் மகிழவில்லை; பன்றிகளின் இழப்பைக் கேட்டு, இயேசுவை அகன்றுபோகச் சொல்கின்றார்கள். அவனோ உடன்வர வேண்டுகின்றான். எந்தத் தலைவனும் விரும்பி ஏற்கும் வேண்டுகோள் அது. இயேசு அதற்கு இசையவில்லை. அவனை வீட்டுக்கு, உறவினரிடம் அனுப்புகின்றார். ஹெராக்ளிஸ் திராய்க்கு அனுப்பியதையும் இதனையும் அருகருகே வைத்துப் படித்தால், நாம் மேலே கேட்ட வினாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

மருத்துவமனைகளின் பாதுகாவலர்களாக 1886இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் அறிவித்த புனிதர் இருவரும் முன்னாள் படைவீரர்களே. புனித இறையோவான், பேரரசர் 5ஆம் சார்லஸின் படையில் இருந்தவர். 1537இல் கிரானதா நகரில் மனம் உடைந்து, பித்தர் எனப் பூட்டப்பட்டு, அக்கால மருத்துவமான சாட்டையடியைப் பெற்றவர். புனித கமில்லுஸ், வெனிசுப் படையில் பணியாற்றியவர். சூதாட்ட வெறியில் 1574இல் நேப்பிள்ஸ் நகரில் எல்லாவற்றையும் இழந்தவர். அவர் காலில் இருந்த புண், அவர் 1614இல் இறக்கும்வரை ஆறவே இல்லை. அப்புண்ணோடுதான் பிறர் புண்களைக் கழுவினார். நலம் என்றால் வடுவே இல்லாமை என்று எண்ணுவோர்க்கு இவர் இடறலாகவே இருப்பார்.

பிலோக்டெட்டிஸின் கடைசிப் பேச்சு, தீவிடம் அவன் விடைபெறுவது. தன்னோடு விழித்திருந்த குகையிடமும், தன் அலறலை எதிரொலித்த மலையிடமும், கடலின் இரைச்சலிடமும், தான் நீர் அருந்திய ஊற்றுகளிடமும் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றான். பத்தாண்டு நரகத்தை இவ்வளவு அன்போடு பெயர் சொல்லிப் பிரிவதை முதன்முறை படித்தபோது நாம் விளங்கிக்கொள்ளவில்லை. குடியை விட்டவர்கள் அந்தக் கடையை, அந்த மேசையை, அங்கே உடனிருந்தவர்களை நினைத்துக் கண்கலங்குவதைக் கண்டபின் விளங்கிற்று. எல்லாவற்றையும் சொல்லி விடைபெறுகின்ற அவன், பச்சிலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதை மறந்தே போனானா, கந்தலில் முடிந்து எடுத்துக்கொண்டானா என்பதைச் சோபோக்ளிஸ் எழுதவில்லை.